மூன்று வரி

கொப்பித் தாளில் பேப்பர் அடித்த வருடங்கள்.
நீலக் கோடுகள்
தலைப்புச் செய்திக்குள்ளாலும் ஓடும்.
விளையாட்டுக்கு மூன்று வரி தந்தார்கள்.
இரண்டு கழகங்களின் பெயர்,
கோல் கணக்கு,
கோல் அடித்தவன்.
நான்காவது வரிக்கு என்னிடம் ஒருவன் இருந்தான்.

குருநகர்க் கடற்கரை மைதானம்.
ஒரு பக்கக் கோடு சுண்ணாம்பு,
மறுபக்கக் கோடு காய்ந்த சாதாளை.
ரைட் பக்கில் எட்மன்.
பந்தைக் கடல் பக்கம் கொண்டுபோகிறவன்போல
வலது தோளை மட்டும் முன்னே அனுப்புவான்.
தோளை நம்பி வந்தவன்
சாதாளையில் கால் புதைய நிற்பான்.
பந்து எட்மனின் குதிக்காலடியில் இருக்கும்,
எங்கேயும் போகாமல்.
பேந்து ஒரு நீளப் பாஸ்.
அங்கே நேவிஸ். தட்டினால் போதும்.
தட்டுவான்.

'நேவிஸின் அபார ஆட்டம்' என்று எழுதினேன்.
பொய்யில்லை. தட்டவும் தெரியவேண்டும்.
ஒரு ஞாயிறு,
மரண அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்த ஒருவர்
கிளாலியால் உயிரோடு வந்து சேர்ந்ததில்
எனக்கு இன்னும் நாலு வரி கிடைத்தது.
அந்த வெட்டை வர்ணித்தேன்.
தோள், குதிக்கால், ஏமாந்தவனின் முகம்.
ஆசையில் நீட்டிவிட்டேன்,
ஆளின் பெயருக்கு இடம் மிஞ்சவில்லை.
வாசித்தவர்கள்
மேல்வரியில் இருந்த பெயரை எடுத்துக்
கீழ்வரியில் இருந்த காலுக்கு மாட்டினார்கள்.

இன்றைக்கு நாவாந்துறையில், பாசையூரில்,
அந்த ஞாயிறுக்குப் பிறகு பிறந்த பொடியள்
'நேவிஸ் வெட்டுப் போடடா' என்று கத்துகிறார்கள்.
நேவிஸ் அதை ஒருநாளும் போட்டதில்லை.
அவனுக்கு இடுப்பு அப்படித் திரும்பாது.

பாரிசில் இருந்து காசு அனுப்பி
மைதானத்துக்கு ஒரு கேற் கட்டினான்.
தகர எழுத்தில் அவன் பெயர்.
திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னான்:
'அந்த வெட்டு என்ரை இல்லை. எட்மன்ரை.'
சனம் எழும்பி நின்று கைதட்டியது.
'என்ன தன்னடக்கம்' என்றார் தலைவர்.
அடுத்தநாள் எங்கள் பேப்பரிலும்
அதே சொல், கொட்டை எழுத்தில்.
அதை எழுதியது நானில்லை.
ஆனால் திருத்தவும் இல்லை.

எட்மனைப் போன மாதம் கண்டேன்,
ஐஸ் கொம்பனி உப்புச்சாக்கு சைக்கிளில் இருக்க,
அரையிறுதி பார்த்துக்கொண்டு.
பதினாறு வயது இருக்கும், ஒரு பொடியன்
தோளை அனுப்பினான், குதிக்காலால் இழுத்தான்.
மறித்தவன் கடலைப் பார்க்கப் போனான்.
'நேவிஸ்! நேவிஸ்!' மைதானம் முழுக்க.
நான் எட்மனின் முகத்தைப் பார்த்தேன்,
ஏதாவது இருக்கும் என்று.
அவன் பொடியனைத்தான் பார்த்தான்.
'தோள் பிந்திப்போச்சு' என்றான்.
'கண்ணும் தோளோட போகவேணும்.
இது கண் இஞ்ச நிக்குது.'

கேட்டேன்: எழுதட்டா,
உம்மடை பெயரைப் போட்டு?
இப்ப முழுப் பக்கமும் தருவினம்.

சாக்கைச் சரிசெய்து கட்டினான்.
அவனுக்கு விருப்பமில்லை என்று சொல்லமாட்டேன்.
ஒரு நிமிசம் கயிற்றிலேயே நின்றது கை.
'எழுதிறதெண்டால்' என்றான்,
'அந்தக் கண்ணைப் பற்றியும் எழுதும்.
அண்டைக்கு அதை விட்டிட்டீர்.'

அப்படியென்றால் வாசித்திருக்கிறான்.

இரவு மேசையில் வெள்ளைத் தாள், கோடு இல்லாதது.
முதலில் பெயரை எழுதினேன்: எட்மன்.
பிறகு தோள். பிறகு கண்.
எது முதல் போகிறது, எது கூடப் போகிறது
என்று தெரியாமல்
கதிரையை விட்டு எழும்பி
அறைக்குள் ஒருக்கால் செய்து பார்த்தேன்.
அறுபத்தெட்டு வயது முழங்கால்.
சுவரில் போய் இடித்துக்கொண்டேன்.

மூன்று வரிதான் வந்திருக்கிறது.